நீர்மூழ்கி மாடல் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீர்மூழ்கிக் கப்பல்களின் சிறிய உருவங்களைக் கட்டுகிறவர்களில் இரண்டு கூட்டம் உண்டு. ஒரு கூட்டம் அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்காகக் கட்டுகிறது. இன்னொன்று குளத்தில் இறக்கி, ரிமோட்டில் மூழ்கவைத்துப் பார்க்கிறது. புதிதாக வருகிறவர்கள் இந்த இரண்டைப் பற்றியும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். என் பதில்களில் ஒரு பிடிவாதம் திரும்பத் திரும்ப வரும்: நிஜக் கப்பலில் ஒரு துளையோ ஒரு புடைப்போ எதற்காக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கட்டுங்கள். அலமாரி மாடலுக்கும் அது உதவும், தண்ணீரில் ஓடும் மாடலுக்கும் உதவும்.

முன்பின் எந்த மாடலும் கட்டியதில்லை. நீர்மூழ்கியிலேயே தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். போர் விமானம் என்றால் காக்பிட், கண்ணாடி மூடி என்று வேலை இருக்கும். பீரங்கி வண்டி என்றால் சங்கிலிப் பட்டையை ஒவ்வொரு கண்ணியாகக் கோக்க வேண்டும். 1/350 ஸ்கேலில், அதாவது நிஜத்தில் 350-இல் ஒரு பங்கு அளவில், வரும் நவீன அணு நீர்மூழ்கி கிட்டில் (பாகங்களாகப் பெட்டியில் வரும் தொகுப்பில்) அதெல்லாம் கிடையாது. உடல் இரண்டு பாதி, கோபுரம், சுக்கான்கள், ப்ரொப்பல்லர், சில பெரிஸ்கோப் குழாய்கள், அவ்வளவுதான். ஒட்டும் வேலை சீக்கிரம் முடிந்துவிடும்.

ஆனால் ஒட்டி முடிப்பது வேறு, கட்டி முடிப்பது வேறு. வழவழவென்று நீண்டு கிடக்கும் உடலில் ஒரு பிசிறு ஒளிந்துகொள்ளக்கூட இடமில்லை. அதனால்தான் இதைத் தொடக்கக்காரர்களுக்குச் சிபாரிசு செய்கிறேன். மேற்பரப்பைச் சுத்தமாகக் கொண்டுவரும் பழக்கம் இங்கே வந்துவிட்டால், அப்புறம் எதைக் கட்டினாலும் அது கைகொடுக்கும்.

எந்த ஸ்கேல் எடுக்கலாம்?

வீட்டில் இருக்கும் இடத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி அதிகமாகக் கட்டிய டைப் 7சி யு-போட்டின் நீளம் 67.1 மீட்டர். 1/700-இல் அது பத்து சென்டிமீட்டருக்குள் அடங்கும். 1/350-இல் 19 சென்டிமீட்டர், 1/144-இல் 47, 1/72-இல் 93 சென்டிமீட்டர். அமெரிக்காவின் கேட்டோ வகைக் கப்பல் 95 மீட்டர். 1/72-இல் அது 132 சென்டிமீட்டர் ஆகிவிடும், அலமாரியில் அல்ல, சுவரில்தான் இடம் தேட வேண்டும். சோவியத் டைஃபூன் வகை 175 மீட்டர். 1/350-இலேயே அரை மீட்டர்.

முதல் கிட்டுக்கு என் கருத்து: நவீனக் கப்பல் என்றால் 1/350, போர்க்காலக் கப்பல் என்றால் 1/144. டைப் 7சி போன்றவற்றில் கைப்பிடிக் கம்பிகள், துளைகள், பீரங்கி என்று பார்க்க நிறைய இருக்கிறது. 1/350-க்குக் கீழே போனால் அதெல்லாம் கண்ணுக்கே தட்டுப்படாது.

எந்தக் கப்பலைக் கட்டுவது என்று எப்படி முடிவு செய்வது?

ஒரு வகையைத் தேர்ந்தெடுத்தால் போதாது. ஒரு குறிப்பிட்ட கப்பலையும், அது இருந்த ஒரு காலத்தையும் தேர்ந்தெடுங்கள். கட்டும்போது வருகிற பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே விடை கிடைத்துவிடும்.

டைப் 7சி-யையே எடுத்துக்கொள்வோம். இந்த வகையில் 500-க்கும் மேற்பட்ட கப்பல்கள், பல கட்டுமானத் தளங்களில் கட்டப்பட்டன. பக்கவாட்டுத் துளைகளின் வரிசை தளத்துக்குத் தளம் மாறும். போரின் தொடக்கத்தில் முன்தளத்தில் 8.8 சென்டிமீட்டர் பீரங்கி இருந்தது. 1943 வாக்கில் விமானத் தாக்குதல்தான் பெரிய ஆபத்து என்று ஆனபோது, அந்தப் பீரங்கியைக் கழற்றினார்கள். கோபுரத்தின் பின்னால் மேடைகளை நீட்டி விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளை வைத்தார்கள். அகலமான கோபுரத்தையும் முன்தளப் பீரங்கியையும் ஒன்றாக வைத்துக் கட்டினால், பெரும்பாலும் அப்படி ஒரு கப்பல் கடலில் இருந்திருக்காது. கேட்டோ வகையிலும் இதே கதைதான். போர் நடக்க நடக்க, தூரத்திலிருந்து கண்ணில் படாமல் இருக்கக் கோபுரத்தின் மேல்பகுதியை வெட்டிக் குறைத்துக்கொண்டே போனார்கள்.

கிட் பெட்டிக்குள் இரண்டு மூன்று கோபுரங்கள் இருந்தால் அது தாராள மனசு என்று நினைத்துவிட வேண்டாம், எது உங்கள் கப்பலுடையது என்று முதலில் பாருங்கள்.

பெட்டியில் இருக்கும் வழிகாட்டியை அப்படியே நம்பலாமா?

ஒட்டும் வரிசைக்கு நம்பலாம். வடிவத்துக்கும் நிறத்துக்கும் இரண்டாவது சாட்சி தேடுங்கள். 1864-இல் ஹூசடோனிக் என்ற போர்க்கப்பலை மூழ்கடித்த ஹன்லி நீர்மூழ்கியைப் பாருங்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் எல்லோரும் பழைய ஓவியங்களையும் நினைவிலிருந்து வரைந்த படங்களையும் வைத்துத்தான் அதன் உருவத்தை ஊகித்தார்கள். 2000-இல் கடலடியிலிருந்து தூக்கியபோது, நினைத்ததைவிட எவ்வளவோ ஒழுங்கான, நீரைக் கிழித்துப் போகிற உடல் தெரிந்தது. அதற்கு முன் செய்யப்பட்ட உருவங்களை ஒரு நாளில் பழையதாக்கிவிட்டது அது.

நம்பகமான படங்கள், அளவுகள் எங்கே கிடைக்கும்?

காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும் நிஜக் கப்பல்கள்தான் முதல் வழி. ஜெர்மனியின் லாபோவில் நிற்கும் யு-995, டைப் 7 வகையில் எஞ்சியிருக்கும் ஒரே கப்பல். சிகாகோவில் டைப் 9சி வகையைச் சேர்ந்த யு-505 இருக்கிறது. கிளீவ்லாந்தில் இருக்கும் காட், பார்வையாளர்களுக்காக உடலில் வாசலோ படிக்கட்டோ வெட்டப்படாத கேட்டோ வகைக் கப்பல். சோவியத் ஃபாக்ஸ்ட்ராட் வகையைக் கட்டுகிறவர்களுக்கு விசாகப்பட்டினத்தில் குர்சுரா இருக்கிறது. உலகின் முதல் அணு நீர்மூழ்கியான நாட்டிலஸ் அமெரிக்காவின் குரோட்டனில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. அருங்காட்சியகக் கப்பல் இன்று இருக்கிற மாதிரியே அன்றும் இருந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. யு-995 போருக்குப் பின் நார்வே கடற்படையில் ஓடிய கப்பல், பல பாகங்கள் மாறி மீண்டும் பழைய உருவத்துக்குத் திருத்தப்பட்டது. வடிவத்துக்கு அதைப் பாருங்கள், சின்னப் பொருத்துகளுக்குப் போர்க்காலப் படங்களைப் பாருங்கள்.

நவீனக் கப்பல்களின் ப்ரொப்பல்லர் படமே கிடைப்பதில்லையே, ஏன்?

இறக்கைகளின் வளைவிலிருந்து அந்தக் கப்பல் எழுப்பும் சத்தத்தைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம். அதனால் உலர்துறையில் ஏற்றும்போது கடற்படைகள் அதைத் துணி போட்டு மூடிவிடும். கிட்டில் வருகிற ஏழு இறக்கை ப்ரொப்பல்லர் பல சமயம் ஊகம்தான், அதில் மனம் வருந்த ஒன்றுமில்லை.

மாடலுக்கும் ரகசியத்துக்கும் பழைய உறவு உண்டு. 1960-களின் தொடக்கத்தில் ரெவெல் நிறுவனம், போலாரிஸ் ஏவுகணை தாங்கும் ஜார்ஜ் வாஷிங்டன் நீர்மூழ்கியை உள் அறைகளோடு கிட்டாக வெளியிட்டது. அமெரிக்க அணு நீர்மூழ்கித் திட்டத்தின் தலைவர் அட்மிரல் ஹைமன் ரிக்கோவர் கொதித்துப்போனார். கடையில் கிடைக்கும் ஒரு பொம்மை எதிரிக்குத் தகவலை அள்ளிக் கொடுக்கிறது என்பது அவர் வாதம்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

பாகங்களை வெட்டியெடுக்கக் கூரான கட்டர், கத்தி, பலவகை உப்புத்தாள், பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசை, சூப்பர் க்ளூ, மாஸ்கிங் டேப், கையால் திருகும் சின்ன டிரில், அரை மில்லிமீட்டர் அளவு டிரில் முனைகள். ஏர்பிரஷ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஸ்ப்ரே கேன் போதும், நீர்மூழ்கிக்குத் தேவைப்படும் நிறங்களே இரண்டு மூன்றுதான்.

ரெசின், ஃபைபர் கிளாஸ் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது.

உடலின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் கோடு தெரிகிறது. எப்படி மறைப்பது?

நீர்மூழ்கி மாடலின் உயிர் இந்த இணைப்பில்தான் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீளமான உடல் பாதிகள் அச்சிலிருந்து வரும்போதே லேசாக வளைந்திருக்கும். விரலால் அழுத்திப் பிடித்து ஒட்டினால் அன்றைக்குச் சரியாக இருக்கும், சில மாதங்களில் வாய் பிளக்கும். முதலில் தடித்த பிளாஸ்டிக் தகட்டில் குறுக்குச் சட்டங்கள் வெட்டி, ஒரு பாதிக்குள் ஒரு சாண் இடைவெளியில் ஒட்டிவிடுங்கள். மறு பாதி அவற்றின் மேல் தானாகச் சரியான இடத்தில் உட்காரும்.

பிறகு கரைக்கும் பசையைத் தாராளமாக விட்டு அழுத்துங்கள். இணைப்பு நெடுக உருகிய பிளாஸ்டிக் ஒரு மெல்லிய வரம்பாகப் பிதுங்கி வர வேண்டும். ஒரு முழு நாள் தொடாதீர்கள். காய்ந்ததும் அந்த வரம்பைக் கத்தியின் விளிம்பால் சுரண்டினால் பாதி இடங்களில் கோடே இருக்காது. மீதிப் பள்ளங்களுக்குப் பலர் புட்டி பூசுவார்கள். எனக்கு சூப்பர் க்ளூ மேல் நம்பிக்கை அதிகம். புட்டி காயக் காயச் சுருங்கும், பெயின்ட் அடித்த பிறகு பழைய கோடு எட்டிப்பார்க்கும். சூப்பர் க்ளூ சுருங்காது. ஆனால் நாள் கடந்தால் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும், அப்போது சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்தான் தேயும், க்ளூ தேயாது. அதனால் இறுகிய சில மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும்.

தேய்க்கும்போது மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாள் ஆகாது. வட்டமான உடலில் அது ஒரு தட்டையான பட்டையை உண்டாக்கிவிடும். வளைந்துகொடுக்கும் ஸ்பாஞ்சின் மேல் தாளை வைத்து, உடலைச் சுற்றினாற்போலத் தேயுங்கள். 400, 800, 1200 எண் தாள்கள் என்று கரடிலிருந்து நைசுக்குப் படிப்படியாகப் போகலாம். கடைசியில் சாம்பல் ப்ரைமர் அடித்து, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துப் பாருங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டுங்கள். கண் விட்டதை விரல் பிடித்துவிடும்.

பக்கவாட்டில் வரிசையாக இருக்கும் துளைகளைக் கறுப்பாக பெயின்ட் அடித்தால் போதாதா?

சிறிய ஸ்கேலில் போதும். 1/144-இலும் அதற்கு மேலும், திறந்துவிடுவதுதான் நல்லது.

அந்தத் துளைகள் ஏன் இருக்கின்றன? போர்க்கால நீர்மூழ்கியில் ஆட்கள் இருப்பது உள்ளே இருக்கும் தடித்த அழுத்தக் குழாயில். நாம் வெளியே பார்க்கிற மேல்தளமும் அதன் பக்கங்களும் மெல்லிய தகட்டாலான போர்வை. மூழ்கும்போது அந்தப் போர்வைக்குள் நீர் புக வேண்டும், காற்று வெளியேற வேண்டும். அவசரத்தில் அரை நிமிட அளவில் மூழ்கியாக வேண்டிய கப்பலுக்கு, உள்ளே காற்று தங்கினால் உயிர் போகும். எழும்பும்போது அதே துளைகள் வழியாக நீர் வடியும். ஆகவே அவை இருண்ட ஆழமான வாய்கள். பெயின்ட் அடித்த பள்ளத்தில் அந்த ஆழம் வராது.

வழி இதுதான். உடல் பாதியைத் திருப்பி, துளைகள் இருக்கும் இடத்தில் உட்புறச் சுவரைத் தேய்த்து மெல்லியதாக்குங்கள். விளக்குக்கு எதிரே பிடித்தால் ஒவ்வொரு துளையும் வெளிறிய கட்டமாகத் தெரியும் வரை தேய்க்க வேண்டும். அதன் பின் கத்தி முனையால் குத்தினாலே திறந்துகொள்ளும், விளிம்பும் நிஜத் தகடு போல மெல்லியதாக இருக்கும். முன்பக்கமிருந்து நேராக டிரில் போட்டால் தடித்த சுவரின் குகை போலத் தெரியும். ஒட்டுவதற்கு முன் உட்புறம் முழுக்கக் கறுப்படித்து, நடுவில் ஒரு கறுப்பு அட்டையை நிறுத்துங்கள். இல்லையென்றால் ஒரு பக்கத் துளை வழியாக மறுபக்க வெளிச்சம் தெரியும்.

என்ன நிறம் அடிப்பது?

டைப் 7சி என்றால் பொதுவாக மேல் பக்கங்கள் வெளிர் சாம்பல், அடிப்பாகம் அடர் சாம்பல். மரத்தாலான மேல்தளத்துக்குக் கருநிற மரக்காப்புப் பூச்சு அடித்தார்கள், புது மரம் போலப் பழுப்பாக விட்டுவிடாதீர்கள். அமெரிக்கப் போர்க்காலக் கப்பல்கள் முதலில் முழுக் கறுப்பு. பிற்பாடு பக்கங்கள் சாம்பலாகவும், மேலிருந்து விமானம் பார்க்கிற பரப்புகள் கறுப்பாகவும் மாறின. நவீன அமெரிக்கக் கப்பல்கள் மேலே கறுப்பு, கீழே பாசி பிடிக்காமல் காக்கும் செந்நிறப் பூச்சு.

கறுப்பு என்று எழுதியிருந்தாலும் டப்பாவிலிருக்கும் சுத்தக் கறுப்பை அடிக்காதீர்கள். சின்ன உருவத்தில் அது எல்லா வடிவத்தையும் விழுங்கிவிடும். அடர் சாம்பலில் தொடங்கி, மேற்பரப்பில் அங்கங்கே இன்னும் கொஞ்சம் வெளுக்கவைத்தால் கண்ணுக்குக் கறுப்பாகவே படும், வளைவும் தெரியும்.

துருவும் அழுக்கும் எவ்வளவு சேர்க்கலாம்?

எந்தப் பரப்பு எதனால் ஆனது என்று கேட்டுக்கொண்டால் அளவு தானே வரும். யு-போட்டின் வெளிப்போர்வை இரும்புத் தகடு. வாரக்கணக்காக உப்பு நீரில் கிடந்து திரும்பும்போது அது துருப்பிடித்திருக்கும். ஒவ்வொரு துளையின் கீழ் விளிம்பிலிருந்தும் நீர் வடிந்த தடத்திலேயே துரு இறங்கும். துருநிற ஆயில் பெயின்டில் துளைக்குக் கீழே ஒரு புள்ளி வைத்து, தின்னரில் நனைத்துத் துடைத்த தட்டைப் பிரஷால் நேர் கீழாக இழுத்தால் அந்தத் தடம் வந்துவிடும். மேல்தளத்துப் பீரங்கியின் அடியில் கொஞ்சம், நங்கூர வாயில் கொஞ்சம். நீர்மட்டக் கோட்டில் பாசிப்பச்சை ஒரு மெல்லிய பட்டை.

நவீன அணு நீர்மூழ்கிக்கு இதைச் செய்யக் கூடாது. அதன் உடல்மேல் ஒட்டியிருப்பது சோனார் ஒலியை உறிஞ்சும் ரப்பர் ஓடுகள். ரப்பர் துருப்பிடிக்காது. அங்கே காலம் வேறு விதமாகத் தெரியும்: ஓடுகள் சில உதிர்ந்து சதுரமான தழும்புகள் இருக்கும், ஓட்டுக்கு ஓடு கறுப்பின் சாயல் மாறும். மாஸ்கிங் டேப்பில் சிறு சதுரங்கள் வெட்டி ஒட்டி, சற்றே வேறான சாம்பலை மெலிதாக அடித்தால் அதைக் கொண்டுவந்துவிடலாம். அணு நீர்மூழ்கியைத் துருவில் குளிப்பாட்டிய மாடலைப் பார்க்கும்போதெல்லாம், கைவேலை இவ்வளவு நன்றாக இருந்தும் கப்பலைப் படிக்காமல் விட்டுவிட்டாரே என்று வருத்தமாக இருக்கும்.

கோபுரத்திலிருந்து முன்னும் பின்னும் போகும் கம்பிக்கு எதைப் பயன்படுத்துவது?

இழுபடும் மீள் நூல். கை தவறிப் பட்டாலும் அறுந்துபோகாது, தொய்யாது. அந்தக் கம்பி ரேடியோ ஆன்டெனாவாகவும் பயன்பட்டது, எனவே மின்காப்பு மணிகளை மறக்காதீர்கள். வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக வைத்துக் காயவிட்டால் மணிகள் தயார்.

முப்பரிமாண அச்சில் முழுக் கப்பலையும் அச்சிடலாமா?

அச்சிடலாம். கிட்டாகவே வெளிவராத கப்பல்களுக்கு அது பெரிய வரம். ஆனால் இழை உருக்கி அச்சிடும் இயந்திரம் உடல் நெடுக விடும் வரிகளைத் தேய்த்து எடுக்கும் உழைப்பு சாதாரணமானதல்ல. கோபுரம், பீரங்கி, ப்ரொப்பல்லர் போன்ற சின்னப் பாகங்களுக்கு ரெசின் அச்சு அருமை. தண்ணீரில் இறக்கப்போகிற உடல் என்றால் இன்னொரு விஷயம்: அடுக்குகளுக்கு நடுவே நீர் கசிந்து சுவருக்குள் புகும், ஒவ்வொரு நாளும் எடை மாறும். எபாக்ஸி பூசி அடைத்துவிடுங்கள்.

அலமாரிக்காக வந்த கிட்டைத் தண்ணீரில் மூழ்கி ஓடவைக்க முடியுமா?

1/72 அளவுக் கிட்களில் பலர் செய்கிறார்கள். உடலுக்குள் நீர் தாராளமாகப் புகுந்து வரட்டும் என்று விட்டுவிட்டு, மோட்டார், பேட்டரி, சுக்கான்களைத் திருப்பும் சர்வோ எல்லாவற்றையும் நீர் புகாத ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் குழாய்க்குள் அடைத்து நடுவே வைப்பதுதான் பொதுவான முறை. அலமாரி மாடலுக்குத் திறந்த அதே துளைகள் இங்கே நிஜ வேலையே செய்கின்றன. அவை சிறியதாகவோ குறைவாகவோ இருந்தால் மேல்தளத்தின் அடியில் காற்று சிக்கி, கப்பல் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு மூழ்க மறுக்கும்.

பெரிய கப்பல் கட்டுவது சிறியதைவிட எளிது. நீளம் இரட்டித்தால் உள்ளே இடம் எட்டு மடங்கு. லாஸ் ஏஞ்சலஸ் வகை 1/96-இல் சுமார் 114 சென்டிமீட்டர் வரும், உருண்டையான உடல், வேலை செய்ய நல்ல இடம்.

எப்படி மூழ்குகிறது?

இரண்டு வழி. முதல் வழியில் கப்பல் எப்போதும் மிதக்கும் தன்மையோடுதான் இருக்கும். வேகமெடுத்து, கிடைச் சுக்கான்களைச் சாய்த்து, தன்னைத்தானே கீழே அழுத்திக்கொண்டு ஓடும். மோட்டார் நின்றால் மேலே வந்துவிடும். செலவும் ஆபத்தும் குறைவு. நீர்மட்டத்துக்கு மேல் கொஞ்சமே தெரியும் நவீனக் கப்பல்களுக்கு இது பொருந்தும். உயரமான தளமுள்ள போர்க்காலக் கப்பலை இப்படிக் கீழே தள்ளுவது கடினம்.

இரண்டாவது வழியில் நிஜக் கப்பலைப் போலவே பேலஸ்ட் தொட்டி உண்டு. நீரை ஏற்றினால் நின்ற இடத்திலேயே மூழ்கும். அசையாமல் நிற்கும் கப்பலின் தளம் மெல்ல நனைந்து, கோபுரம் மட்டும் நின்று, அதுவும் மறைவதைப் பார்க்கத்தான் இத்தனை பாடும்.

தொட்டியில் மூன்று வகை பரவலாக இருக்கிறது. பிஸ்டன் வகையில் மோட்டார் ஒரு திருகாணியைச் சுழற்றி, ஊசிக் குழாயைப் போல நீரை உறிஞ்சும், தள்ளும். துல்லியம் இதில்தான் அதிகம். ஆனால் பேட்டரி தீர்ந்தால் கப்பல் அடியிலேயே நிற்கும். வாயு வகையில் திரவமாக்கிய வாயு நீரை வெளியே தள்ளும், சட்டென்று மேலே வரும், வாயு தீர்ந்தால் நிரப்ப வேண்டும். பம்ப் வகையில் நீர் ஒரு பைக்குள் ஏறி இறங்கும். முதல் கப்பலுக்கு நான் பிஸ்டனைச் சொல்வேன்.

தொட்டி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

பலரைக் குழப்பும் கேள்வி, விடை எளிது. மிதக்கும்போது நீர்மட்டத்துக்கு மேல் இருக்கும் பொருட்களின் கன அளவு எவ்வளவோ, அவ்வளவுதான் தொட்டி. உடலுக்குள் நீர் புகும் கப்பலில், மேலே வெற்றிடமாகத் தெரிகிற பகுதியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தகடு, தளம், கோபுரம் ஆகியவற்றின் திடமான பொருள் மட்டும் கணக்கு. நீர்புகாக் குழாயின் ஒரு பகுதி மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் சேருங்கள்.

கிட் பிளாஸ்டிக்கின் அடர்த்தி நீரைவிடச் சற்றே அதிகம், சுமார் 1.05. ஆகவே நீர்மட்டத்துக்கு மேல் வரும் பாகங்களைத் தராசில் வைத்தால், எத்தனை கிராமோ கிட்டத்தட்ட அத்தனை மில்லிலிட்டர். அதற்கு மேல் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இதனால்தான் குழாயைக் கூடியவரை கீழே தாழ்த்தி வைக்கச் சொல்கிறார்கள். மேலே பொருள் குறைந்தால் தொட்டி சிறுக்கும், பேட்டரிக்கு இடம் கிடைக்கும்.

சமநிலைப்படுத்துவது எப்படி?

குளியல் தொட்டியில், பொறுமையாக. பெயின்ட் அடிப்பதற்கு முன்பே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

எடை கீழே, மிதவை மேலே. ஈயத்தை அடிக்கட்டையில் ஒட்டுங்கள், நீர் உறிஞ்சாத கெட்டி ஃபோம் துண்டுகளை மேலே டேப் போட்டு நிறுத்துங்கள். ஆனால் எவ்வளவு மேலே? புதியவர்கள் ஃபோமை மேல்தளத்துக்கு அடியில் உச்சியில் ஒட்டிவிடுகிறார்கள். நீர்மட்டக் கோட்டுக்கு மேலே இருக்கும் ஃபோம், கப்பல் மிதக்கும்போது எந்த உதவியும் செய்யாது. மூழ்கும்போது மட்டும் இழுத்துப் பிடிக்கும், அதை வெல்லத் தொட்டி பெரிதாக வேண்டியிருக்கும். ஃபோமின் மேல் விளிம்பு நீர்மட்டக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும்.

தொட்டியைக் காலியாக வைத்து, கோடு நீரோடு ஒட்டி நிற்கும் வரை துண்டுகளை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அப்புறம் தொட்டியை நிரப்புங்கள். கோபுரத்தின் உச்சி மட்டும் நீருக்கு வெளியே எட்டிப்பார்க்கும்படி கப்பல் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் உடலை முன்னும் பின்னும் சாய்த்துத் தட்டி, உள்ளே ஒளிந்திருக்கும் காற்றுக் குமிழிகளை வெளியேற்றிவிட்டுப் பாருங்கள். இதை மறந்தால் காலையில் சரியாக நின்ற கப்பல் மாலையில் கோணலாக நிற்கும்.

நீர் உள்ளே போகாமல் எப்படித் தடுப்பது?

இரண்டு மீட்டர் ஆழத்தில், 9 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் மூடியை நீர் சுமார் 13 கிலோ எடையோடு அழுத்தும். மூடிகளுக்கு ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், அதன்மேல் சிலிக்கோன் கிரீஸ். ஓ-ரிங்கில் ஒரு முடி ஒட்டியிருந்தாலும் கசியும், துடைத்துவிட்டு மூடுங்கள். சுக்கான் கம்பிகள் வெளிவரும் இடத்தில் ரப்பர் உறை, மோட்டார் தண்டுக்கு அதைச் சுற்றி இறுகப் பிடிக்கும் உதட்டு சீல். ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்கு முன் குழாய்க்குள் சிரிஞ்சால் லேசாகக் காற்றழுத்தம் ஏற்றி நீரில் அமுக்குங்கள். குமிழி வந்தால் அன்றைக்கு ஓட்டம் இல்லை.

என் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் போதுமா?

மிதக்கும்வரை போதும். மூழ்கியதும் இணைப்பு போய்விடும், அந்த அலைவரிசையை நீர் விழுங்கிவிடும். அதிர்வெண் குறையக் குறைய ரேடியோ அலை நீரில் ஆழமாகப் போகும். அதனால்தான் நீர்மூழ்கிக்காரர்கள் இன்றும் 27, 40, 75 மெகாஹெர்ட்ஸ் கருவிகளைத் தேடி வைத்துக்கொள்கிறார்கள். எது அனுமதிக்கப்பட்டது என்பது நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் விதிகளைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நல்ல நீரில் இவை சில மீட்டர் ஆழம்வரை பிடிக்கும்.

கடலில் ஓட்டலாமா?

வேண்டாம். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும், ரேடியோ அலை மேற்பரப்பிலேயே நின்றுவிடும். எடைக் கணக்கும் மாறும். கடல் நீரின் அடர்த்தி நல்ல நீரைவிட சுமார் 2.5 சதவீதம் கூடுதல். நல்ல நீரில் சமநிலைப்படுத்திய 10 கிலோ கப்பல், கடலில் மூழ்க இன்னும் கால் கிலோ கேட்கும்.

எவ்வளவு வேகத்தில் ஓட்டினால் நிஜம் போலத் தெரியும்?

நிஜ வேகத்தை ஸ்கேலின் வர்க்கமூலத்தால் வகுங்கள். அப்போதுதான் முன்பக்கம் எழும் அலை சரியான அளவில் வரும். டைப் 7சி நீர்மேல் 17.7 நாட் ஓடியது. 1/72-இல் அது இரண்டு நாட், அதாவது வினாடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல். பெரும்பாலானவர்கள் இதைவிட வேகமாக ஓட்டுகிறார்கள். மெதுவாக ஓட்டிப் பாருங்கள், அழகே வேறு.

டார்பிடோ விடலாமா?

வாயு அழுத்தத்தில் ஓடும் சிறு டார்பிடோக்கள் செய்கிறவர்கள் உண்டு. வெடிமருந்து பக்கமே போகக் கூடாது. நீந்துகிறவர்களும் பறவைகளும் இல்லாத இடத்தில் மட்டும்.

கப்பல் மூழ்கி, திரும்பி வரவில்லையென்றால்?

வராமல் போகாதபடி முன்பே ஏற்பாடு செய்வதுதான் முதல் பதில். சிக்னல் அறுந்தால் தொட்டி தானாகக் காலியாகும்படி ஒரு பாதுகாப்புச் சுற்று வையுங்கள். கரையோரம் முழங்கால் ஆழத்தில் கப்பலை மூழ்கவைத்து, ரிமோட்டை அணைத்து, மேலே வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதித்த பிறகே நடுக்குளத்துக்கு அனுப்புங்கள். பேட்டரி குறைந்தாலும் உள்ளே நீர் கசிந்தாலும் இதே சுற்று வேலை செய்யும்படி அமைக்கலாம். புதிய கப்பலுக்கு முதல் சில ஓட்டங்களில் மெல்லிய நூலில் கட்டிய சிறு மிதவையும் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்து, அப்படியும் காணவில்லையா? நின்ற இடத்தை விட்டு அசையாதீர்கள். கடைசியாகப் பார்த்த இடத்துக்கு நேரே எதிர்க்கரையில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கூட இருப்பவரைக் குளத்தின் வேறு பக்கம் அனுப்பி, அவரையும் அதே போல ஒரு அடையாளம் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தைச் சுற்றித் தேடினால் போதும். கலங்கல் நீரில் தனியாக இறங்க வேண்டாம். கப்பல் கிடைத்ததும் கரையிலேயே குழாயைத் திறந்து பேட்டரியைக் கழற்றுங்கள். நீர் பட்ட லித்தியம் பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுபோகவோ மறுபடி சார்ஜ் செய்யவோ கூடாது.